கறிவேப்பிலைக்கு வாங்கிய விளக்கு

நான் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், எங்கள் வீட்டில் நன்றாக இருந்தது கறிவேப்பிலைச் செடி மட்டும்தான்.

மனச்சோர்வு என்றார் குடும்ப வைத்தியர். இப்போதைக்கு நடை, நேரத்துக்கு நித்திரை, காலையில் வெயிலுக்குப் பதிலாக முன்னால் இருக்க ஒரு வெளிச்ச விளக்கு என்று தொடங்கலாம், தேறாவிட்டால் திரும்பி வாருங்கள், மருந்துக் குளிசையைப் பற்றிக் கதைப்போம் என்றும் சொன்னார். நான் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மனதுக்குக் குளிசை போடுகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நடந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

நடந்தேன். ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் ரயில் பாதை முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். வழுக்காமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் ஆணிப் பட்டியை மாட்டிக்கொண்டு உறைபனியில் நடந்தேன். எதிரே வரும் நம்மவர்கள், "என்ன அண்ணை, கார் பழுதோ?" என்பார்கள். கோப்பியை விட்டேன். மீனெண்ணெய் குடித்தேன். படுக்கும்போது போனை அடுத்த அறையில் வைத்தேன். இவ்வளவும் செய்தும், காலையில் விழித்து, காலுறையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் அப்படியே இருப்பேன். ஒரு காலுறையைப் போட இந்தப் பாடா என்று என் மேலேயே ஆத்திரம் வரும். ஆத்திரம் வருமே தவிர, கை அசையாது.

விளக்கு சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஒருநாள் என் பழைய கூட்டாளி குடும்பத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டான்.

"உதென்ன லைற்?"

"அது கருவேப்பிலைக்கு. குளிருக்கு இலை கொட்டுதெல்லே" என்று என் மனைவி சட்டென்று சொல்லி, ஜன்னலோரம் நின்ற சாடியைத் தூக்கி விளக்கின் முன்னால் வைத்தாள். அதன்பிறகு சாடி அங்கேயே நின்றுவிட்டது. விடிந்ததும் நானும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வெளிச்சம் வாங்கினோம். அது துளிர்விட்டது.

ஒஸ்லோவில் எல்லார் வீட்டுச் செடியும் குச்சியாக நிற்கிற காலம். எங்களுடையது துளிர்த்ததைக் கேள்விப்பட்டு, கூட்டாளி குடும்பம் இலை கேட்டு மறுபடியும் வந்தது.

"என்ன மச்சான், உன்ரை மரம் மட்டும் உப்பிடிச் செழிச்சு நிக்குது? எங்கை வாங்கினனீ உந்த விளக்கை?"

அவர்களுக்கு நான் பகிடிக்காரன். வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். இருந்தும் அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை.

"அது மரத்துக்கில்லை மச்சான், எனக்கு வாங்கினது. எனக்கு மனம் சரியில்லை. காலமை எழும்பவே ஏலாமல் கிடக்கு."

அவன் வெடித்துச் சிரித்தான். என் வழுக்கையைத் தடவி, "அப்ப இஞ்சையும் துளிர் விடுதோ பாப்பம்" என்றான். அவன் மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலை பறித்துப் பையில் போட்டாள். அவர்கள் போனதும் சாடியைத் தூக்கிப் பழையபடி ஜன்னலோரம் வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கட்டிலில் இருந்தேன். அவள் வந்து கீழே குந்தி, என் கையிலிருந்த காலுறையை வாங்கினாள்.

"இஞ்சருங்கோ, டொக்டரிட்டைப் போவம். நானும் வாறன்."

நான் காலை நீட்டினேன்.