மௌனமாக மன்றாடுவோம்

சாந்தோமில் ஜொவிட்டா, சோஃபியா, ஏஞ்சல் மூவரையும் தனித்தனியாகப் பார்த்தவர் கிடையாது. சர்ச்சின் மறைக்கல்வி வகுப்பில் ஒட்டிக்கொண்டவர்கள், கல்லூரிக்கு வந்த பிறகும் நகமும் சதையும்தான். அந்த நம்பிக்கையில்தான் ஜொவிட்டா, வீட்டு வாசலைத் தாண்டக் கூடாத ஒன்றைச் சோஃபியாவிடம் சொல்லித் தொலைத்தாள். ஊருக்குச் சொல்வதுபோல் ஜொவிட்டாவின் அப்பா ரொனால்ட் கோயம்புத்தூரில் வேலை பார்க்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார்.

"மாதா மேல சத்தியம், யாராண்டயும் சொல்ல மாட்டேன்டி" என்றாள் சோஃபியா.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள், புண்ணியவதி. மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம்தான் சொன்னாள், தெருவே கேட்கும்படி.

அந்த மாதம் அன்பியக் கூட்டம் ஜொவிட்டா வீட்டில். தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். யார் வேண்டுமானாலும் வாய்விட்டு மன்றாடலாம். சோஃபியா கண்ணை மூடிக்கொண்டு உருகினாள்: "மாம்பலத்தில் வேறொரு பெண்ணோடு வாழும் ரொனால்ட் அங்கிள் மனந்திரும்பி இந்த வீட்டுக்கு வர வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். பழக்கதோஷம், ஜொவிட்டாவின் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. காபி எடுக்க உள்ளே போன அம்மா டோரதி வெளியே வரவேயில்லை.

வாசலில் ஜொவிட்டா சோஃபியாவை மடக்கினாள். "இன்னாடி பண்ணி வச்சிருக்க?"

"உங்கப்பா திரும்பி வரணும்னுதானே வேண்டிக்கினேன்? இதுல இன்னா தப்பு கீது?"

"ஜெபம் பண்ணதுக்கெல்லாமாடி சண்டை போடுவ?" என்று ஏஞ்சல் சோஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஜொவிட்டா கூப்பிட்டால் இருவரும் போனை எடுப்பதில்லை.

அடுத்த மாதம் கூட்டம் சோஃபியா வீட்டில். அம்மா தடுத்தும் ஜொவிட்டா போனாள். சோஃபியா படிப்பை விட்டுவிட்டு, தினமும் கல்லூரிப் பையோடு கிளம்பி தி. நகர் கடைகளைச் சுற்றிவிட்டு வருவது ஜொவிட்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மன்றாட்டு வேளையில் எழுந்தாள். சோஃபியாவின் முகம் வெளுத்தது.

"என் தோழி சோஃபியாவின் படிப்புக்காக..." என்று நிறுத்தினாள் ஜொவிட்டா. "என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். மௌனமாக மன்றாடுவோம்."

அறை அமைதியானது. ஒருவரும் கண்ணை மூடவில்லை. சோஃபியாவின் அம்மா ஜெசிந்தா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.