மூடி போட்ட சோதனை

தவமலர் கோபக்காரி என்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பேரெடுத்தது ஒரு வீடு வாங்கப் போய்த்தான். அதற்கு முன் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

சுவிஸில் மலையடிவாரக் கிராமம் ஒன்றின் பாலர் பாடசாலையில் அவள் துப்புரவு வேலை செய்தவள். மகள் மேனுஷாவும் அங்கேதான் படித்தாள். மத்தியானத்தில் பிள்ளைகளை நிலக்கீழ் அறையில் படுக்க வைப்பார்கள். ஒருநாள் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். மண்ணிலிருந்து ரேடான் என்ற வாயு கசிந்து அறைக்குள் தேங்கியிருந்தது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. வருடக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம் என்றார் அளக்க வந்தவர். மேனுஷா அந்த அறையில் இரண்டு வருடம் நித்திரை கொண்டிருந்தாள். பிறகு வாயுவை வெளியே இழுக்கத் தரைக்கு அடியில் ஒரு குழாயும் சின்ன விசிறியும் பொருத்தினார்கள். அளவு இறங்கியது, பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அளந்தால் தெரியும், தெரிந்தால் திருத்தலாம் என்பதை மட்டும் அவள் மறக்கவில்லை.

லண்டனுக்கு வந்து மூன்றாம் வருடம், 2006இல், வீடு தேடினார்கள். லண்டன் விலை எட்டவில்லை. வெம்பிளியில் கடை வைத்திருக்கும் கனகலிங்கம் நோர்தாம்ப்டனில் இருந்த தன் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். கீழே பின்னறை மேனுஷாவுக்கு என்று பேசிக்கொண்டார்கள். தை பிறந்ததும் குடிபூர ஐயர் நாளும் குறித்துக் கொடுத்தார். அப்போதுதான் வழக்கறிஞரான சொலிசிற்றரிடமிருந்து வீட்டுப் பத்திரங்கள் வந்தன. ரேடான் உள்ள பகுதி என்று அதில் இருந்தது. வீட்டை அளந்து பார்த்ததுண்டா என்ற கேள்விக்குக் கனகலிங்கம் “தெரியாது” என்று எழுதியிருந்தார்.

தவமலர் கணவன் ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள்.

“தங்கச்சி, அஞ்சு வருசமா அந்த வீட்டிலதான் படுத்தெழும்புறன். என்னைப் பாத்தால் வருத்தக்காரன் மாதிரியோ கிடக்கு?”

“உங்களைப் பாத்துச் சொல்லேலாது அண்ணை. அதுக்குத்தான் காத்தை அளக்கிற பெட்டி ஒண்டு வைக்கிறது.”

“என்ர வீட்டுக் காத்தை அளக்கப் போறாவாம்!” கனகலிங்கம் கடையைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார். “முதல்ல உந்தக் கருவாட்டுப் பக்கம் வைச்சு அளந்து பாரும் பிள்ளை. பெட்டி வெடிச்சுப் போகும்.”

கடை சிரித்தது. ஸ்ரீஸ்கந்தராஜாவும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது.

“அளக்காமல் நான் சைன் வைக்க மாட்டன்” என்றாள்.

அவள் கையெழுத்தில்லாமல் வங்கிக் கடன் கிடைக்காது. கனகலிங்கம் இறங்கி வந்தார். அவள் இரண்டு சிறு பெட்டிகளை வாங்கிக் கொடுத்தாள். ஒன்று ஹோலில், ஒன்று பின்னறையில், மூன்று மாதம் காற்றுப் படும்படி திறந்து இருக்கவேண்டும், பிறகு தபாலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அளவு வரும் என்று விளக்கத் தாளைக் காட்டிச் சொன்னாள். “ஓம், ஓம்” என்று அவர் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

தை மாதம் பெட்டிகளை எடுக்க நோர்தாம்ப்டன் வீட்டுக்குப் போனார்கள். கனகலிங்கத்தின் மனைவி கலாவதி தேத்தண்ணி வைத்தாள். பிறகு கண்ணாடி அலுமாரியைத் திறந்து, கழுவிக் காயவைத்த பெரிய ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். இறுக்கி மூடியிருந்தது. உள்ளே இரண்டு பெட்டிகளும்.

“பிறத்தியாற்ற சாமான். தூசி, ஈரம் படக்கூடாதெண்டு வந்த அண்டைக்கே போட்டு மூடினனான். ஒருக்காலும் திறக்கேல்லை” என்றாள் பெருமையாக.

தவமலர் போத்தலை வாங்கி மேசையில் வைத்தாள். “அக்கா, அண்ணை உங்களுக்கு என்னெண்டு சொன்னவர்?”

“அந்தப் பொம்பிளையின்ர பெட்டி, கவனமா வையும் எண்டவர். வேறென்ன சொல்ல இருக்கு?”

விளக்கத் தாளைப் பற்றிக் கனகலிங்கம் மனைவியிடம் மூச்சும் விடவில்லை. தவமலர் போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினாள்.

காரில் ஸ்ரீஸ்கந்தராஜா மெல்லச் சொன்னான். “அப்பிடியே அனுப்பி விடுவமே. நல்ல நம்பர்தானே வரும்.”

“ஊறுகாய்ப் போத்தலுக்கு நல்ல நம்பர் வரும். பிள்ளையைப் போத்தலுக்குள்ளயோ படுக்க விடப் போறியள்?”

தவமலர் கனகலிங்கத்திடம் இன்னொரு மூன்று மாதம் கேட்டாள். வாங்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் கனகலிங்கம். அவள் கையெழுத்து வைக்கவில்லை. வீடு போனது. வீடு கைக்கு வந்தபின் தட்டிவிட்டவள் என்று ஊர் பேசியது.

சித்திரையில் ஒரு கலியாண வீட்டில் லக்‌ஷிகா என்ற பெண் கைக்குழந்தையோடு பக்கத்தில் வந்து இருந்தாள். அந்த வீட்டை அவளும் கணவன் வாசுதேவனும் வாங்கியிருந்தார்கள்.

“நீங்கள் பயந்து விட்ட வீடாமே அக்கா? கனகலிங்கம் அண்ணை டெஸ்ட் எடுத்த பேப்பர் காட்டினவர். ஒண்டுமே இல்லையாம்.”

போத்தலுக்குள் இருந்த பெட்டிகளை அவர் தபாலில் அனுப்பியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை தவமலர் கடைக்குள் நுழைந்த வேகத்தில் வரிசை விலகியது.

“போத்தலை அளந்த பேப்பரைக் காட்டி வீடு வித்தனீங்களோ? கைக்குழந்தை இருக்கிற வீடு!”

“தங்கச்சி, சத்தம் போடாதையும். கடையில வைச்சு இந்தக் கதை வேண்டாம்.”

“கடையில வைச்சுத்தானே சிரிச்சனீங்கள்! இப்ப சிரியுங்கோ பாப்பம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஊறுகாய்ப் போத்தலின் கதையை முதலிலிருந்து கடைசிவரை, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வைகாசியில் வாசுதேவன் வீட்டில் பால் காய்ச்சினார்கள். வந்தவர்கள் குத்துவிளக்கும் எவர்சில்வரும் கொண்டுவந்தார்கள். தவமலர் இரண்டு புதுப் பெட்டிகள் கொண்டுவந்தாள். ஒன்றை ஹோலில் வைத்தாள். மற்றதைக் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில், சுவர்த் தட்டில் வைத்தாள். லக்‌ஷிகா பின்னாலேயே வந்தாள்.

“தூசி படாதோ அக்கா?”

“படட்டும். குழந்தை இழுக்கிற காத்து இதுக்கும் படவேணும். அளவு கூடவெண்டால் பயப்பிடாதை, விசிறி பூட்டலாம்.”

ஹோலில் கனகலிங்கம் பால் கோப்பையோடு நின்றார். தவமலர் அவருக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“ஆவணியில நானே வந்து எடுத்து, நானே தபாலில போடுவன். அதுவரைக்கும் இதை ஒருத்தற்ற கையிலயும் குடுக்காதை.”