பஸ்சில் முணுமுணுத்தவர்

எழுபதுகளில், விசா முடிந்த பிறகும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் களவாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஆரும் என்னை உற்றுப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காலை பஸ்சில் வருகிற அந்த மனிதரோ எல்லாரையும் உற்றுப் பார்த்தார். முழங்கால் வரை மூடுகிற ஓவர்கோட், எங்கள் ஊர்ச் சாயல். டிரைவரில் தொடங்கி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார், கண்ணை மூடி முணுமுணுப்பார், ஒரு விரலை மடிப்பார். என்னை மட்டும் இரண்டு தரம் பார்ப்பார். குடிவரவுக் கந்தோரின் உளவாளிதான் என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் என் பக்கத்திலேயே வந்து இருந்தார். பயத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

"ஆரைக் கணக்கெடுக்கிறியள்?"

"தம்பி தமிழோ!" என்று சிரித்தார். "இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலைக்குச் சோதினை எழுதப்போறன். சொல்லுகளின்ர விளக்கம் மண்டையில நிக்குதில்லை. அதுதான் ஆளுக்கு ஒரு சொல்லைக் கொழுவி வைச்சிருக்கிறன். குடையோட இருக்கிற மனுசி, கவரேஜ். உந்த நித்திரை கொள்ளுறவர், காலாவதியான பொலிசி."

"அப்ப நான்?"

"உமக்கும் ஒண்டு தந்தனான். என்னெண்டுதான் ஒருநாளும் ஞாபகம் வருகுதில்லை. ரெண்டாந்தரம் பாத்தாலும் வராது. உம்மட முகம் அப்பிடி."

களவாக வேலை செய்கிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனாலும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த நாள் சிவப்பு மப்ளர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் ஒரே ஒரு தரம் பார்த்தார். விரலை மடித்தார்.

அன்று முழுக்க, குடிவரவுக்காரர் வருகிறார்களா என்று நான் தொழிற்சாலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.