குழி சோப்பு

என் அக்கா வீட்டுக்காரர் குளியல் சோப்பு தயாரிப்பவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கூடம், வேலைக்கு ஆறு பெண்கள். எண்ணெயும் காரமும் கலப்பது என் பொறுப்பு. கம்பியால் வெட்டிய கட்டிகளை அவர் மரத்தட்டில் காயவைத்து, பதம் பார்க்க ஒவ்வொன்றின் நடுவிலும் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். லேசாகக் குழி விழுந்தால் சரி, ஆழமாக விழுந்தால் மறுபடி தட்டுக்கே போகும். அவர் பெருவிரல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது, குழியும் சாய்ந்தே இருக்கும். சோப்பின் பெயரை யார் கேட்டார்கள்? கடைகளில் "குழி சோப்பு கொடுங்க" என்பார்கள்.

நாற்பது கிளைகள் உள்ள பெரிய கடையிலிருந்து கொள்முதல் அதிகாரி வந்தார். வாய் நிறைய "அண்ணே". அக்கா கையால் இரண்டு தரம் சாப்பிட்டார். எல்லாக் கிளைக்கும் சரக்கு வேண்டும், ஆனால் வேறு கடைக்குக் கொடுக்கக் கூடாது என்றார். குழியும் கூடாதாம், யாரோ பாதி தேய்த்துவிட்டு வைத்த மாதிரி இருக்கிறதாம். வழவழவென்று, ரோஸ் நிறத்தில், நுரை பொங்கினால்தான் இப்போது விற்குமாம். வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், மனிதர் கேட்டால்தானே. பதினெட்டு வருடமாகச் சரக்கெடுத்த முனைக்கடைக்காரரிடம் இனிமேல் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அழுத்தும் இயந்திரம் ஒன்றும் வாங்கினார். பழைய கட்டிகளில் ஒரு பெட்டியை மாதிரிக்கு என்று அதிகாரி எடுத்துப் போனார்.

இரண்டு வருடம் ஓடியது. ரோஸ் நிறம் சனங்களுக்குச் சலித்துவிட்டது என்று திடீரென ஆர்டரை நிறுத்தினார்கள். அதே வாரம் அக்கா அந்தக் கடையிலிருந்து நான்கு சோப்பு வாங்கி வந்தாள். கடையின் சொந்தப் பெயர், பழுப்பு அட்டை, 'கையால் செய்தது' என்று எழுத்து. பிரித்தால் நடுவில் குழி. நான்கிலும் ஒரே ஆழம், ஒரே சாய்வு. அக்கா வீட்டுக்காரர் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. மனுஷன் விரலையே திருடிவிட்டார்கள், பாவிகள்.

அதிகாரி போனை எடுக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்து, "சார், அது கம்பெனி டிசைன்" என்றார். அண்ணன் சார் ஆகிவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுமாதம் இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு, பழையபடி விரலால் அழுத்திய ஐம்பது கட்டிகளோடு முனைக்கடைக்குப் போனோம். இங்கேயும் போணியாகாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிட்டு ஆறு பெண்களையும் அனுப்ப வேண்டியதுதான். கடைக்காரர் பழசை மனதில் வைக்கவில்லை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஒரு கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க விரல்னு எனக்குத் தெரியும். வாங்க வர்றவங்களுக்கு யாரு சொல்றது? பெரிய கடை சோப்புக்கு டூப்ளிகேட் விக்கிறேன்னு என்னைத்தானே சொல்லுவாங்க."

ஐம்பதையும் நான்தான் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.