வழிநடை வியாசம்

பேச உட்கார்ந்தால் அவளை நிறுத்த முடியாது. எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் நகராது. மழையைப் பற்றி ஒரு வியாசம் எழுதச் சொன்னேன். "மழை வானத்திலிருந்து பெய்கிறது. மழையினால் பயிர் விளைகிறது. மழை மிகவும் நல்லது. மழை பெய்க." படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ஐப்பசி மாதம் முழுக்க நனைந்துகொண்டே கொழுந்து பறித்தவள் எழுதுகிற மழையா இது?

இலங்கை மலைநாட்டுப் பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு அவள் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். தோட்டத்துத் துரை கறாராகச் சொல்லியிருந்தார். உபாத்தியாயர் பரீட்சையில் தேறினால் பள்ளிக்கூடம் அவளுக்கு. தேறாவிட்டால் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு. கணக்கும் வாசிப்பும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வியாசம்தான் காலை வாரியது. பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என்னிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்து வந்தாள்.

முதலில் நானும் எல்லா வாத்திமாரும் செய்வதைத்தான் செய்தேன். எழுதியதை வாங்கிப் பிழை திருத்தினேன். பிழை குறைந்தது, வியாசம் வளரவில்லை. ஒருநாள் சலித்துப்போய், திருத்துவதை விட்டுவிட்டு, அவள் எழுதுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சிலேட்டில் ஒரு வரி எழுதினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. விரலை நனைத்து அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் யாரும் குறைசொல்ல முடியாத ஒரு வரி மிஞ்சியது. அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

நான் எப்படி எழுதுகிறேன் என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். முதலில் கன்னாபின்னாவென்று கிறுக்குவேன். பாதி கிறுக்கிய பிறகுதான் சொல்ல வந்தது என்ன என்று எனக்கே தெரியும். அதன்பிறகு வெட்டி, மாற்றி, நல்ல காகிதத்தில் எழுதுவேன். அவள் என்னுடைய நல்ல காகிதத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். எழுத்தென்றால் எடுத்த எடுப்பிலேயே திருத்தமாக விழவேண்டும் என்று பாவம், அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

சிலேட்டைப் பிடுங்கி வைத்தேன். செட்டியார் கடையிலிருந்து சாமான் சுற்றிவந்த காகிதமும் பென்சிலும் கொடுத்தேன்.

"அழிக்கக் கூடாது. பிடிக்கலன்னா குறுக்க ஒரு கோடு போடு. முதல்ல என்கிட்ட சொல்லு, சொன்ன மாதிரியே எழுது."

"அசிங்கமா இருக்குமேங்க டீச்சரம்மா."

"இருக்கட்டுமே. இந்தா, என்னோடதப் பாரு. கோழி கிளறின மாதிரி இருக்கு."

பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு எழுதிய மழையில், நனைந்த கம்பளி முதுகில் ஒரு பிள்ளையைப் போலக் கனக்கும் என்று ஒரு வரி இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. தோட்டத்திலிருந்து ஊருக்குப் போகிற கடிதத்தில் கெட்ட சேதி எழுதமாட்டார்கள். பிள்ளை செத்திருந்தாலும் சுகமென்றே எழுதச் சொல்வார்கள். கடல் தாண்டி இருப்பவர்கள் கேட்டு என்ன செய்துவிட முடியும் என்பார்கள். லயம் முழுவதற்கும் கடிதம் எழுதிக்கொடுத்தவள் இவள். காகிதத்தைக் கண்டால் இவள் கை தானாகவே எல்லாரையும் சுகமாக்கிவிடும். பரீட்சையில் வழக்கமாக வருகிற தலைப்புகளில் பயணமும் ஒன்று. எழுதச் சொன்னேன். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, மலையேறி, எல்லாரும் சுகமே வந்து சேர்ந்தோம் என்று எழுதினாள்.

"எல்லாரும்னா யாரு?" என்று கேட்டேன்.

"நான், அப்பா, தம்பி."

"அம்மா?"

"அம்மா வந்து சேரலீங்க."

காட்டுக்குள் அம்மாவுக்கு வாந்திபேதி கண்டிருக்கிறது. இவளுக்கு அப்போது எட்டு வயது. நின்றால் எல்லாருக்கும் தொற்றும் என்று ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி கூட்டத்தை விரட்டியிருக்கிறார். அம்மாவை மரத்தடியில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்துவிட்டு, நடந்துவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது நினைவு இருந்ததாம். மழையைச் சொன்ன அதே குரலில் இதையும் சொன்னாள். நான்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"இதை எழுது" என்றேன்.

"இதெல்லாம் எழுதலாமாங்க?"

"இதைத்தான் எழுதணும்."

எழுதத் தொடங்கினாள். வாராவாரம் கொஞ்சம் வளர்ந்தது. தோணி, சுடுமணல், அப்பா தோளில் தூங்கிய தம்பி, நடந்துகொண்டே அம்மா பின்னிவிட்ட சடை. இத்தனை நல்ல எழுத்தை நான் பதுளையில் வாசித்ததில்லை. காடு வந்ததும் நிறுத்திவிடுவாள். "மிச்சத்தப் பரீட்சையில எழுதிருவேங்க" என்பாள். நம்பினேன்.

பரீட்சை எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. காவலுக்கு நான் நின்றேன். பயணமே தலைப்பாக வந்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. அவளும் கிடுகிடுவென்று எழுதினாள், கோடு போட்டாள், மேலே எழுதினாள். பிறகு பேனா நின்றுவிட்டது. மற்றவர்கள் இரண்டாவது தாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுது, எழுது என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் தாளைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள். மணி அடித்ததும் நான்தான் தாள்களை வாங்கினேன். அவள் தாளின் கடைசி வரிகள் இவை: "அம்மாவை மரத்தடியில் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்தார்கள். நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்." அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

முற்றுப்பெறாத வியாசம் என்று பரீட்சகர் பிற்பாடு தள்ளிவிட்டார். பள்ளிக்கூடம் வேறொருவருக்குப் போனது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அவள் மலைக்குப் போனாள். அப்படித்தான் ஆகும் என்று பரீட்சையன்றே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பரீட்சை முடிந்ததுமே வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அவ்வளவு நேரம் இருந்துச்சே! உனக்குத் தெரிஞ்சதுதானே. அடுத்த வரி ஏன் வரல?"

"வந்துச்சுங்க டீச்சரம்மா. நல்லாவே வந்துச்சு. அத எழுதுனா நான் எந்திரிச்சு நடக்கணுமே."

கையிலிருந்த கட்டில் அவள் தாளைத் தேடி எடுத்துக் கடைசி வரியை மறுபடி பார்த்தேன்.

"அன்னைக்கு என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க" என்றாள். "இன்னைக்கு யாரும் இழுக்கலீங்க. அதான் அம்மாகூடவே இருந்துட்டேன்."