வேதாச்சலத்துக்கு வந்த விமான டிக்கெட்

கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. அங்கே இருபத்தாறு வருடமாக வேதாச்சலத்துக்கு ஒரே வேலை. அடைத்து வைத்த டின்களைச் சின்னக் குச்சியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். மூடி கொஞ்சம் உப்பியிருந்தாலும் உள்ளே கூழ் கெட்டுவிட்டது என்று அர்த்தம். எடுத்து ஓரம் வைத்துவிடுவார். வேலையில் ஒட்டிக்கொண்ட அந்தச் சந்தேகக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டை மூன்று முறை திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார். காரணம் சொல்லாமல் யாராவது காபி வாங்கிக் கொடுத்தால், இவன் எதற்கு வாங்கிக் கொடுத்தான் என்று ராத்திரிவரைக்கும் யோசிப்பார்.

அப்படிப்பட்டவர் கையில் முதலாளி ஹரிபாபு ஒரு நாள் விமான டிக்கெட்டைக் கொடுத்தார்.

"ஐதராபாத் பார்ட்டி ஜூன் மாசச் சரக்கைப் பத்திப் பேசணும்ன்றாங்க. நீங்கதானே செக் பண்ணீங்க? போய்ட்டு வந்துடுங்க. இந்தக் கவர்ல ஒரு பேப்பர் இருக்குது. அவங்க முன்னாடி பிரிச்சி, அதுல ஒரு சைன் போட்டுட்டா போதும்."

"பஸ்லயே போறேன் சார்."

"பர்வாலேது, பரவால்ல, ஃப்ளைட்லயே போங்க. ஒரு மணி நேரம்தான்."

அந்த ஜூன் மாதச் சரக்கை அனுப்ப வேண்டாம் என்று பதிவேட்டில் எழுதியவரே வேதாச்சலம்தான். ஹரிபாபு அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் லாரியில் ஏற்றச் சொன்னார். திருச்சானூரில் ஒரு கல்யாணம் முடிந்து கொட்டும் மழையில் நின்றபோது, காரில் இடமிருந்தும் வேதாச்சலத்தை ஏற்றிக்கொள்ளாத மனிதர். இப்போது விமானத்தில் அனுப்புகிறார்.

ரேணிகுண்டா விமான நிலையத்தில் பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கையில் லட்டுப் பையோடு நின்றார்கள். வேதாச்சலம் தன் பையைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, அது திரைக்குப் பின்னால் மறையும்வரை நகரவில்லை. கவரை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

சின்ன விமானம். நடைபாதைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட்டு. முட்டி முன்சீட்டில் இடித்தது. பக்கத்தில் நகரியைச் சேர்ந்த மனோரமா என்ற பெண்மணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஐதராபாத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறவர். விமானம் மேலே ஏறி நிலைத்ததும் அவர் பையிலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தார். அது தலையணை மாதிரி உப்பியிருந்தது.

வேதாச்சலத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "அம்மா, அத்தத் துன்னாதீங்க. கெட்டுப் போயிருக்குது."

"இல்லங்க. மேல வந்தா எல்லாப் பாக்கெட்டும் இப்டித்தான் உப்பும். எறங்கச்சொல்ல தானா அடங்கிடும்."

வேதாச்சலம் நம்பவில்லை. மனோரமா பிரித்து நீட்டியதை மோந்து பார்த்தார். ஒன்றைக் கடித்து நாக்கில் வைத்துக் காத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் உப்பிய ஒன்று கெடாமல் இருந்ததை அவர் கண்டதில்லை. ஹரிபாபு விஷயத்திலும் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"வேல விஷயமாப் போய்க்கினு இருக்கீங்களா?" என்று மனோரமா கேட்டார்.

"மொதலாளி டிக்கெட் போட்டுக் குடுத்தாரு. அங்க ஒரு சைன் பண்ணணுமாம்."

"எதுலன்னு படிச்சீங்களா?"

"ஒட்டிக் குடுத்துக்கிறாரு."

"நீங்க சைன் பண்றத நீங்க படிக்கக் கூடாதா இன்னா?" என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேதாச்சலம் சிறிது நேரம் கவரைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஓரத்தைக் கிழித்தார். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். சரக்கைச் சோதித்தது நான். நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் நான். அதை நம்பித்தான் முதலாளி அனுப்பினார். நேர்ந்த தவறு முழுக்க என்னுடையது. கீழே அவர் பெயர் தயாராக அச்சாகியிருந்தது. விமானம் இறங்கத் தொடங்கியபோது காது அடைத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சரக்கு வாங்கிய ஐதராபாத் கம்பெனி அலுவலகத்தில் மேலாளர் பாலசுப்பிரமணியன் பேனாவை நீட்டினார். வேதாச்சலம் வாங்கவில்லை. தான் எழுதும் பதிவேட்டையும் நம்பாமல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைப்பது அவர் வழக்கம். ஜூன் மாதப் பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அனுப்ப வேண்டாம் என்ற அவருடைய எழுத்து. அதற்குக் கீழே, பார்த்ததற்கு அடையாளமாக ஹரிபாபு போட்ட கையெழுத்து.

மேலாளர் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார். "இத எனக்கு அனுப்புறீங்களா சார்?"

"நீங்க இன்னா செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் அனுப்புறேன்."

பாலசுப்பிரமணியன் சிரிக்கவில்லை. சரக்குப் பணத்தை ஹரிபாபுவிடம்தான் கேட்கப் போவதாகப் பொறுமையாக விளக்கினார். வேதாச்சலம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே படத்தை அனுப்பினார்.

திரும்பி வர டிக்கெட் போடப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ரயிலில் நின்றுகொண்டே வந்தார்.

ஹரிபாபு அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. டின் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி, வாசலில் வந்து போகும் லாரி நம்பர் எழுத உட்காரவைத்தார். வேதாச்சலம் ஒரு மாதம் எழுதினார். பிறகு தானே கணக்கை முடித்துக்கொண்டு நாயுடுபேட்டையில் ஒரு பழச்சாறு கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறார்.

"மறுபடி பிளேன்ல போவியா?" என்று மனைவி வள்ளி ஒருமுறை கேட்டாள்.

"நம்ம காசுல டிக்கெட் எடுத்தா போலாம்" என்றார் வேதாச்சலம்.