கோழியைப் புகழப்போய்…

போன வருடம் மாசி மாதம், பாரிஸ் லா சப்பலில் நான் வேலை தேடித் திரிந்த நேரம். பத்து வருடம் உணவகங்களில் இரவுச் சமையல் செய்தவள் நான். மகள் பள்ளிக்கூடம் விட்டு, பொண்டி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் பூட்டிய கதவுதான் இருக்கும். அதனால் பகல் வேலை கட்டாயம் தேவைப்பட்டது. ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஹொங்கொங் பெண்மணி ஒருவரின் கடையில், குச்சியில் இறைச்சி குத்திச் சுட ஆள் வேண்டும் என்று அங்கே பாத்திரம் கழுவும் நம்மூர் அண்ணை சொன்னார். முதலில் ஒருநாள் வேலை செய்து காட்ட வேண்டும்.

நெருப்பும் இறைச்சியும் எனக்குப் புதிதா என்ன? பயமே இல்லை. போதாததற்கு முதலாளியம்மாவை அசத்தலாம் என்று ஹொங்கொங்கில் பேசும் கன்டனீஸ் மொழிச் சொற்கள் சிலவும் அண்ணையிடம் கேட்டுப் படித்தேன். 'சியூ' என்றால் சுடுவது. 'சுன்' என்றால் குச்சி இறைச்சி. 'ஹோ' என்றால் நல்லது. அவர் தனித்தனியாகத்தான் சொல்லித் தந்தார். ஒட்டவைத்தது என் சொந்த மூளை.

வேலை செய்து காட்டிய அன்று மத்தியானம் நான் சுட்ட கோழியை முதலாளியம்மா கடித்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, பெருவிரலையும் உயர்த்தி, "ஹோ சுன்!" என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணை ஈரக்கையோடு ஓடி வந்தார். "ஐயோ பிள்ளை, என்ன சொன்னனீர்? ஆளைப் பார்த்து அப்பிடிச் சொன்னால் 'சரியான திமிர்' எண்டெல்லோ அர்த்தம்!"

வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் சும்மா போக மனம் வரவில்லை. முதலாளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பலகையில் கிடந்த கோழிக் கொழுப்பைத் தூக்கிக் காட்டி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். தமிழில் இதன் பெயர் கொழுப்பு, இறைச்சியைப் பார்த்து 'நல்ல கொழுப்பு' என்றால் ருசி, மனிதரைப் பார்த்துச் சொன்னால் திமிர் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விரலை என் பக்கம் நீட்டி, எழுத்துக் கூட்டுவதுபோல், "நல்ல… கொளுப்பு" என்றார். அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

முதலாளியம்மா திங்கட்கிழமையே பகல் வேலைக்கு வரச் சொன்னார். இப்போது மகளுக்குக் கதவு திறப்பது நான்தான். புதுச் சொல் ஒன்று படித்தால், இதை யார் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்று கேட்ட பிறகே இன்றும் வாயைத் திறக்கிறேன்.